நிய்யத்தும் நிரூபணமும்

செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிப்பிடப்படும் என்ற போதனையோடு வளர்ந்தவர்கள் நாம். ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே அதுதான். அந்தப் போதனையோடு நாம் அறியாமலே இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டு விடுகிறோம். நிய்யத் நல்லதாயின் காரியமும் சரியாகவே இருக்கும், நல்ல மனிதர் மனமாரச் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும் என்பதே அது. முதலாவது நபிமொழி தருவது. இரண்டாவது நாமாக ஒட்டவைத்தது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி யோசிக்க, மருத்துவ உலகில் 2009க்கும் 2017க்கும் இடையில் நடந்த ஒரு விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இத்தாலியின் வடபகுதியில் பெராரா என்றொரு பழைய நகரம் இருக்கிறது. அந்நகரின் பல்கலைக்கழகத்தில் இரத்த நாளங்கள் பற்றிய பேராசிரியராக இருந்தவர் பாவ்லோ ஸம்போனி. 1995இல் அவருடைய மனைவிக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நோய் இருப்பது கண்டறியப்பட்டது. சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். மின்கம்பியைச் சுற்றி உறை இருப்பதைப் போல நமது நரம்பிழைகளைச் சுற்றியும் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்கள், மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள அந்த உறையையே எதிரியென்று எண்ணித் தாக்குவதுதான் இந்நோய். ஒருநாள் கண் மங்கும். சில வாரங்களில் தெளியும். பிறகொருநாள் கால் மரக்கும். வரும், போகும், மீண்டும் வரும். பலருக்கு ஒரு கட்டத்துக்குப் பின் போகாமலே தங்கிவிடும். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், ஆண்களைவிடப் பெண்களையே கூடுதலாகப் பிடிக்கும். உலகில் இருபத்தெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயோடு வாழ்கிறார்கள். நம் பகுதியில் அரிது. வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் தெருவுக்கொருவரைக் காணலாம் என்கிற அளவுக்குப் பரிச்சயமான நோய் அது.

மனைவியின் நோய் ஸம்போனியைத் தன் துறைக்குள்ளேயே விடை தேட வைத்தது. நாளங்களை அறிந்தவர் நாளங்களில் தேடினார். இத்தேடல் அவரோடு தொடங்கியதுமல்ல. 1868இல் பாரிஸில் ஷார்கோ இந்நோயைத் தனி நோயாக வகுத்துச் சொல்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே, மூளையிலுள்ள நோய்த் தழும்பின் நடுவே ஒரு சிறு நாளம் ஓடுவதை ஜெர்மானிய ஆய்வாளர் ஒருவர் நுண்காட்டியில் கண்டிருந்தார். 1930களில் ட்ரேசி பட்னம் என்ற அமெரிக்கர், நாளம் அடைபடுவதால்தான் இந்நோய் வருகிறது என்று வாதிட்டார். இரத்தம் உறையாதிருக்கும் மருந்தை நோயாளர்களுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். பலனில்லாமல் அது கைவிடப்பட்டது.

மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் கழுத்து நாளங்களும் நெஞ்சிலுள்ள நாளமொன்றும் எம்.எஸ். நோயாளர்களுக்குச் சுருங்கியிருக்கின்றன என்பது ஸம்போனியின் கருத்து. இரத்தம் வடியாமல் பின்னோக்கித் தேங்குகிறது, அதிலுள்ள இரும்பு மூளையில் படிகிறது, அதனால் அழற்சி உண்டாகிறது என்றார். 2009இல் வெளியான அவரது ஆய்வில் 65 நோயாளர்களும் 235 ஏனையோரும் பரிசோதிக்கப்பட்டிருந்தனர். நோயாளர் அனைவரிடமும் இக்குறை இருந்தது, மற்றவர் ஒருவரிடமும் இல்லை என்று அது கூறியது. தொடையிலுள்ள நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சுருங்கிய இடத்தில் சிறு பலூனை ஊதி விரிப்பதுதான் சிகிச்சை. ‘விடுதலை’ என்று அதற்குப் பெயர் வைத்தார். தன் மனைவிக்கும் அந்தச் சிகிச்சையைச் செய்வித்தார். அதன்பின் அவரைப் புதிய தாக்கம் எதுவும் அண்டவில்லை என்ற செய்தியும் பரவியது.

மனைவி மீதான அன்பு, பல்லாண்டு உழைப்பு, கடைசியில் ஒரு சின்னஞ்சிறு பலூன். இதைவிட நம்பத்தக்க கதை வேறென்ன வேண்டும்? 2009 நவம்பரில் கனடாவின் தொலைக்காட்சியொன்று இக்கதையை ஒளிபரப்பியதும் அந்நாடே கொந்தளித்தது. ஏன் எங்களுக்கு இச்சிகிச்சை மறுக்கப்படுகிறது என்று சக்கர நாற்காலிகளில் வந்து நோயாளர்கள் கேட்டார்கள். இன்னும் நிரூபணமாகவில்லை என்று சொன்ன நரம்பியல் வைத்தியர்களை, மருந்துக் கம்பனிகளிடம் விலைபோனவர்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் போலந்துக்கும் மெக்சிகோவுக்கும் கொஸ்டாரிகாவுக்கும் இந்தியாவுக்கும் பறந்தார்கள். பத்தாயிரம் டொலரும் அதற்கு மேலும் செலவானது. சேமிப்பைக் கரைத்தவர்களும் உண்டு, ஊரார் நிதி திரட்டி அனுப்பிவைத்தவர்களும் உண்டு. 2010இல் கொஸ்டாரிகாவில் இச்சிகிச்சை பெற்ற கனேடியர் ஒருவர், நாளத்தினுள் வைக்கப்பட்ட வலைக்குழாயில் இரத்தம் உறைந்து இறந்துபோனார். இச்சிகிச்சையால் மரணமும் பாரிய காயங்களும் நேர்ந்துள்ளன என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2012இல் எச்சரித்தது.

இந்த நோயாளர்களை அறிவிலிகள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அவர்களுடைய ஐயத்திலும் நியாயம் இருந்தது. அவர்களுக்குத் தரப்பட்ட மருந்துகள் விலை கூடியவை, நோயை ஓரளவே தணிப்பவை. முற்றிய நிலையிலிருந்தோருக்கு அவையும் இல்லை. ‘செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று ஒருவரும், ‘செய்யலாம், வாருங்கள்’ என்று இன்னொருவரும் சொன்னால் நாம் யாரிடம் போவோம்? நோய் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்பது நமது நம்பிக்கை. கையைக் கட்டிக்கொண்டு இருப்பது தவக்குல் அல்ல என்பதையும் அறிவோம். அப்படிப் பார்த்தால் அவர்கள் விமானம் ஏறியதில் என்ன தவறு?

நிபுணர் சொன்னார் என்பதற்காகவே ஒன்றை ஏற்க முடியாது என்பதை இந்நாட்டு முஸ்லிம்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2020இல் கொவிட் தொற்றினால் இறந்தோரை அடக்கினால் நிலத்தடி நீர் கெடும் என்று நிபுணத்துவத்தின் பெயரால் நமக்குச் சொல்லப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலையும் மீறி நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில்தான் அந்நிலை மாறியது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. அன்று நாம் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: ஆதாரம் எங்கே? அந்தக் கேள்வியை நமக்குப் பிடிக்காத கூற்றின் முன்னால் எழுப்புவது எளிது. நம் நெஞ்சை உருக்குகின்ற, நாம் உண்மையாக இருக்க வேண்டுமென்று ஏங்குகின்ற கூற்றின் முன்னாலும் அதையே எழுப்ப முடிகிறதா என்பதில்தான் சோதனை இருக்கிறது.

ஆதாரத்துக்கு வருவோம். 2013இல் கனேடிய ஆய்வாளர்கள் 177 பேரின் நாளங்களைக் குழாய் செலுத்திப் படமெடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் எம்.எஸ். நோயாளர்களும், அவர்களுடைய உடன்பிறந்தோரும், எவ்வித உறவுமற்ற சுகதேகிகளும் இருந்தார்கள். படத்தைப் பார்த்தவர்களுக்கு அது யாருடையது என்று சொல்லப்படவில்லை. நாளம் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தோர் நோயாளரில் நூற்றுக்கு 74, உடன்பிறந்தோரில் 66, சுகதேகிகளில் 70. அதாவது, கழுத்து நாளம் ஏதோவோரிடத்தில் ஒடுங்கியிருப்பது மனித உடலின் இயல்பு. 

இருந்தாலும் சிகிச்சை பலன் தரலாம் அல்லவா? அதையும் சோதித்தார்கள். கனடாவில் நான்கு நகரங்களில் 104 நோயாளர்கள் சேர்க்கப்பட்டு இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். எல்லோருக்கும் குழாய் செலுத்தப்பட்டது. ஒரு குழுவினருக்கே பலூன் ஊதப்பட்டது. தமக்கு எது செய்யப்பட்டது என்பது நோயாளருக்கும் தெரியாது, பின்னர் அவரைப் பரிசோதித்த வைத்தியருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு குழுவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை. 2017 மார்ச்சில் முடிவு வெளியானது.

அதே ஆண்டு நவம்பரில் இத்தாலியிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. அதுவும் பலூன் ஊதியோரையும் ஊதாதோரையும் ஒப்பிட்ட ஆய்வுதான். விட்டு விட்டு வரும் வகை நோயுள்ள 115 பேரின் முடிவுகள் அதில் இருந்தன. சிகிச்சை ஆபத்தற்றது, ஆனால் பெரிதும் பலனற்றது, எம்.எஸ். நோயாளர்களுக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்று அது முடித்திருந்தது. அந்த ஆய்வின் முதலாவது ஆசிரியரின் பெயர் பாவ்லோ ஸம்போனி.

இவ்விடத்தில் நான் ஒரு கணம் நிற்கிறேன். தன் மனைவியின் பொருட்டுக் கண்ட ஒரு கருத்தை, தனக்கு உலகப் புகழ் தந்த ஒரு கருத்தை, தானே அளவுகோலில் வைத்து, அது தேறவில்லை என்று தன் பெயரிலேயே எழுதிக் கொடுப்பது சிறிய காரியமல்ல. 2009இல் அவர் பேசியதைவிட 2017இல் அவர் எழுதியதே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முதலாவதைக் கேட்டு விமானம் ஏறியவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்?

நமது முன்னோர் இத்தகைய சிக்கலை வேறொரு துறையில் எதிர்கொண்டார்கள். நபிமொழிகளைத் திரட்டியபோது அவர்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்தவர்கள் பொய்யர்கள் மட்டுமல்ல, நல்லவர்களும்தான். இரவெல்லாம் நின்று வணங்குவார்கள், தர்மம் செய்வார்கள், ஆனால் கேட்டதைச் சரியாகப் பேணமாட்டார்கள். பொய் சொல்லும் எண்ணம் இல்லாமலே பொய் இவர்களுடைய நாவில் வந்துவிடுவதைப் பற்றி இமாம் முஸ்லிம் தன் ஸஹீஹின் முன்னுரையில் பேசுகிறார். மதீனாவில் துஆ ஏற்கப்படும் என்று தாம் நம்பிய பெரியோர்களிடமிருந்தே ஹதீஸை ஏற்க மறுத்தவர் இமாம் மாலிக். ‘ஜர்ஹ் வத்தஃதீல்’ என்ற அறிவிப்பாளர் ஆய்வுக் கலை பிறந்தது இந்தத் தேவையில்தான். ஒருவரின் இறையச்சத்தை மதிப்பதும் அவருடைய அறிவிப்பை நிராகரிப்பதும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதை அக்கலை நமக்குச் சொல்கிறது. அவருக்கு மறுமையில் கூலி உண்டு. அதற்காக அவர் சொன்னது ஸஹீஹ் ஆகிவிடாது.

மருத்துவத்திலும் இவ்வழி நமக்குப் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அபூபக்ர் அர்ராஸி, மூளைக் காய்ச்சலின் முன்னறிகுறிகள் தென்பட்ட நோயாளர்களில் ஒரு சாராருக்கு நாளத்தைக் கீறி இரத்தம் எடுத்ததையும், மறுசாராரை வேண்டுமென்றே அப்படியே விட்டதையும் தன் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு முடிவுக்கு வரும்பொருட்டே அவ்வாறு விட்டாராம். இரத்தம் எடுத்ததே பலன் தந்தது என்பது அவர் கண்ட முடிவு. இன்றைய மருத்துவம் அதை ஒப்புக்கொள்ளாது. இருந்தும் அவர் கேட்ட கேள்வி சரியானது: செய்யாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பெராராவிலும் கனடாவிலும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், அதுவும் நாளம் பற்றியே, கேட்கப்பட்ட கேள்வியும் அதுதான். முதற் சுற்றில் அது கேட்கப்படாமல் விடப்பட்டதுதான் அத்தனை துயரத்துக்கும் காரணம்.

இதில் ஒரு தர்மசங்கடம் இருப்பதை மறைக்க முடியாது. நோயாளரின் உடலில் குழாயைச் செலுத்திவிட்டு ஒன்றும் செய்யாமல் எடுப்பது ஏமாற்று அல்லவா? ராஸி யாரிடமும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. இன்று கேட்டாக வேண்டும். ‘இரண்டில் ஒன்று உங்களுக்கு நடக்கும், எது என்று நாங்கள் சொல்லமாட்டோம்’ என்று முன்கூட்டியே சொல்லி, அதற்கு அவர் மனமொப்பிக் கையெழுத்திட்ட பின் அது ஏமாற்று ஆகாது, அது ஓர் உடன்படிக்கை. உண்மையில், சோதிக்காத சிகிச்சையைப் பணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் செய்த தனியார் சிகிச்சை நிலையங்கள்தாம் மாபெரும் பரிசோதனையொன்றை நடத்தின. குறிப்பேடு இல்லாத, முடிவு எழுதப்படாத, யாரும் பொறுப்பேற்காத பரிசோதனை. கனடாவின் 104 பேரும் தம் உடலைக் கொடுத்து எல்லோருக்கும் ஒரு விடையைத் தந்தார்கள். அதை ஸதகா என்று சொன்னால் மிகையாகாது.

அப்படியானால் எம்.எஸ். எதனால்தான் வருகிறது? இதற்குரிய விடை நாளக் கதையைப் போல நெஞ்சில் ஒட்டுவதில்லை. அதில் கதாநாயகன் இல்லை. 1970களிலிருந்தே, உடல் தன்னையும் பிறரையும் பிரித்தறிய உதவும் மரபணுக்களுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு தெரியும். அவற்றில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை உடையோருக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. 2019இல் நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர்களின் மரபணுக்களை ஆராய்ந்து, ஆபத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும் இருநூற்றுக்கும் மேற்பட்ட மாற்றங்களைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை நோயெதிர்ப்பு அணுக்களோடு தொடர்புடையவை. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் புல்வெளிகளில் கால்நடை மேய்த்து, பின் ஐரோப்பாவுக்குள் பரவிய மக்களோடு இம்மரபணுக்கள் அங்கு வந்தன என்று, பழைய எலும்புகளை ஆராய்ந்தவர்கள் 2024இல் எழுதினார்கள். விலங்குகளிலிருந்து தொற்றும் நோய்களை எதிர்த்து நிற்க அவை அன்று உதவியிருக்கக்கூடும் என்பது அவர்களுடைய கருத்து. அன்றைய காவல் இன்று காயமாகிறது.

ஆயினும் மரபணு என்பது தீர்ப்பு அல்ல. ஒரே கருவில் பிரிந்த, மரபணுவில் ஒன்றேயான இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். மற்ற மூன்று பங்கை எது தீர்மானிக்கிறது? வைட்டமின் டி குறைவு, புகைத்தல் எனச் சில தெரியும். 2022இல் இன்னொரு பெரிய துண்டு கிடைத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் இருபதாண்டு இரத்த மாதிரிகளைக் கொண்டு செய்த ஆய்வில், எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றிய பின் எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்காவது தெரிந்தது. ஆனால் அந்த வைரஸ் உலகில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கிறது. மரபணு, வைரஸ், இன்னும் பிற எல்லாம் ஓரிடத்தில் சந்திக்கும்போதுதான் நோய் பிறக்கிறது.

நாளமும் இக்கதையிலிருந்து நீங்கிவிடவில்லை. தழும்பின் நடுவே நாளம் ஓடுகிறது என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கண்டது உண்மைதான். இன்று மூளைப் படத்தில் அந்த அடையாளத்தைக் கொண்டே எம்.எஸ்.ஸை ஏனைய நோய்களிலிருந்து பிரித்தறிகிறார்கள். ஆனால் அந்நாளம் அடைபட்ட வடிகால் அல்ல, தாக்கும் அணுக்கள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் வாசல். கண்ட காட்சி சரி, கொண்ட பொருள் பிழை.

நாளக் கதைக்கு அத்தனை பேர் செவிகொடுத்ததும் மரபணுக் கதையை யாரும் பொருட்படுத்தாததும் ஏனென்று யோசித்தால், நாம் உண்மையைத் தேடுவதைவிடச் செய்யக்கூடிய ஒன்றையே தேடுகிறோம் என்பது விளங்கும். நாளத்தை விரிக்கலாம். இருநூறு மரபணுக்களை என்ன செய்வது? செய்ய ஒன்றுமில்லாத உண்மை நமக்கு அவமதிப்பாகவே படுகிறது. அத்தோடு மரபணு என்ற சொல் நம்மிடையே வந்தால் போதும், அது கல்யாணப் பேச்சுக்குள் நுழைந்துவிடும். ‘அந்தக் குடும்பத்தில் வருத்தம் இருக்கிறது’ என்ற ஒரு வரி ஒரு பெண்ணின் வாழ்வை முடக்கப் போதுமானது. பெற்றோரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் இரண்டு மூன்று அளவுதான் என்ற இலக்கத்தை அந்த வரி ஒருபோதும் சொல்வதில்லை. இங்கும் தேவைப்படுவது அதே நேர்மைதான்: தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொல்வது.

அந்த நேர்மை பொறுமையானவர்களுக்குப் பலனும் தந்திருக்கிறது. பலூனுக்குப் பின்னால் உலகம் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பி அணுக்கள் எனப்படும் ஒருவகை நோயெதிர்ப்பு அணுக்களைக் குறைக்கும் மருந்தொன்று ஆய்வுக்கூடங்களில் அமைதியாகச் சோதிக்கப்பட்டு வந்தது. 2017 மார்ச்சில் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இடைவிடாது முற்றிக்கொண்டே போகும் வகை எம்.எஸ்.ஸுக்கு அங்கு அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து அது. குணமாக்குவதில்லை, மெல்லத் தாமதப்படுத்துகிறது. நாளச் சிகிச்சை பலனற்றது என்று கனடாவில் அறிவிக்கப்பட்டதும் அதே மாதம்தான். ஒரு செய்தியைப் பார்த்து அழுதவர்கள் மற்றதைக் கவனித்திருக்கமாட்டார்கள்.

நோயுற்ற ஒருவரிடம் ஆறுதலாகப் பேசுவது நமக்குக் கடமை. நோய் விசாரிக்கப் போவதற்கே நன்மை எழுதப்படுகிறது. ஆனால் ஆறுதலையும் தகவலையும் நாம் ஒரே குரலில் சொல்லிப் பழகிவிட்டோம். படுக்கையருகே அமர்ந்து, ‘இன்ன இடத்தில் இன்னார் இதைச் செய்கிறார், கேள்விப்பட்டேன், கட்டாயம் சுகமாகும்’ என்று சொல்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. அவருடைய நிய்யத்துக்கு அல்லாஹ் கூலி தருவானாக. ஆனால் அதைக் கேட்டு நகையை அடகு வைப்பவள் அந்த நோயாளியின் மனைவி. அவளுக்காகவேனும், வாயைத் திறக்குமுன் நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்: இதை எனக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், செய்யாமல் விட்டவர்களுக்கு என்ன ஆனதென்று எவராவது பார்த்தார்களா? விடை இல்லையென்றால், பக்கத்தில் பேசாமல் சிறிது நேரம் இருந்துவிட்டு, துஆச் செய்துவிட்டு எழுந்து வரலாம்.